மொட்டை போட்ட தாத்தாவும் முதல் எபிசோடும்

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை கழிந்து இரண்டாம் நாள் எங்கள் தாத்தா திருப்பதியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்து இறங்கினார். எங்கள் தாத்தா என்றால் சொந்தத் தாத்தா இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் ஆறு பேர் கைக்காசைப் போட்டு எடுக்கத் தொடங்கியிருக்கும் நகைச்சுவைத் தொடரின் தாத்தா. பேரன் பிறந்தால் முடி இறக்குவதாக அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்திருக்கிறது. பேரன் பிறந்துவிட்டான். பெருமாளிடம் போய் யார் கன்டினியூட்டி பேசுவது? ஆளுக்குப் பாதி லட்டைக் கையில் வைத்துவிட்டு, முடிதானே, வளர்ந்துவிடும் என்றார். வளரும்தான். ஆனால் மே மாதத்தில் எடுத்து முடித்த முதல் எபிசோடில் அவருக்கு இருப்பது காதை மூடி வழியும் வெள்ளைவெளேர் பாகவதர் கிராப்.

அது போதாதென்று, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. நாங்கள் படம் பிடித்த வீட்டின் முற்றத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு வீட்டுக்கார அம்மா சுவரையெல்லாம் சுரண்டி, பழைய மஞ்சளை விட்டுவிட்டு வெளிர்நீலம் அடித்துவிட்டார். இதற்கு நடுவில் மருமகளாக நடித்த பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, இனி சனி, ஞாயிறு மட்டுமே வர முடியும் என்று ஆகியிருக்கிறது.

இவையெல்லாம் வெளிக் காயங்கள். உள் காயம் ஆகஸ்டிலேயே பட்டுவிட்டது. நண்பர் வீட்டு மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, தெரிந்தவர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினோம். வீடே அதிரும் என்று நாங்கள் நம்பியிருந்த இடத்தில் ஒரு பாட்டி மட்டும் உச்சுக் கொட்டினார்.

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பே, சுவாமியை ஏற்றாமல், ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முறிவதாக இருந்தால் அன்றைக்கே முறிந்து தொலையட்டும் என்பதற்காக. அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் பைலட் என்று சொல்வதும் இதைத்தான். ஓர் எபிசோடை மட்டும் எடுத்துச் சேனல்காரர்களிடமும் சோதனைப் பார்வையாளர்களிடமும் காட்டி, பிறகுதான் தொடரை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். வெள்ளோட்டத்துக்கும் அடுத்த எபிசோடுக்கும் இடையில் அங்கே ஆள் மாறும், பெயர் மாறும், வீடு மாறும். எங்களுக்கு நேர்ந்தது ஒன்றும் புதிதில்லை.

முதல் எபிசோடை என்ன செய்வது என்று பொங்கலுக்குள் முடிவெடுக்க வேண்டும். கையில் இருக்கும் வழிகள் ஐந்து: எடுத்ததை அப்படியே வெளியிடுவது, குரலை மட்டும் மாற்றுவது, பேட்ச் ஒர்க் செய்வது, மருமகளை மாற்றுவது, முதலிலிருந்து புதிதாக எடுப்பது. பழைய தொடர்களைப் பார்த்து நேரத்தைக் கெடுத்துக்கொள்கிறவன் நீதானே, நீயே எழுதிக்கொடு என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். ஐந்தையும் சமமாக எடைபோடப் போவதில்லை. சிலவற்றுக்கு ஒரு பத்தியே அதிகம்.

கதை தெரியாதவர்களுக்கு: தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். பழைய வீடு, முற்றம், தாழ்வாரம். ஒரு மகன், ஒரு மருமகள். பின்கட்டில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்து குடியிருக்கும் ஓர் இளைஞன். இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பதற்காக ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் அவனுடைய மச்சான். பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாக மத்தியானம் மீன் குழம்பில் வாரிக்கொண்டு போகிற மச்சான். மாடியில் போட்ட அன்று, இரண்டே நிமிடம் வரும் இந்த மச்சானுக்குத்தான் அதிகச் சிரிப்பு. சிரிப்பில்லாமல் போனது, மருமகள் தாத்தாவைக் கடிந்து பேசும் காட்சிகளில்.

அப்படியே விட்டுவிடலாமா?

ஒளிப்பதிவாளர் அண்ணனின் கட்சி இது. எடுத்தது எடுத்ததுதான், வலையேற்றிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம், இரண்டாவது எபிசோடிலிருந்து திருத்திக்கொள்ளலாம் என்கிறார். அவருக்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய தொடரே இருக்கிறது.

'சைன்ஃபெல்ட்' தொடரின் வெள்ளோட்டம் 1989 ஜூலை 5 அன்று என்.பி.சி. என்ற அமெரிக்கச் சேனலில் வந்தது. அப்போது அதன் பெயர் 'தி சைன்ஃபெல்ட் குரோனிக்கிள்ஸ்'. இன்றைக்கு அந்தத் தொடரின் உயிர் என்று சொல்லப்படும் எலெய்ன் அதில் இல்லவே இல்லை. ஒரு பெண் வேண்டுமே என்பதற்கு உணவகத்தில் காபி ஊற்றும் கிளேர் என்ற பணியாளர் இருந்தார். எதிர் வீட்டுக் கிரேமர் இருந்தார், ஆனால் கெஸ்லர் என்ற பெயரில். நிஜ வாழ்க்கையில், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட்டின் எதிர் வீட்டுக்காரரான கென்னி கிரேமர்தான் அந்தப் பாத்திரத்துக்கு மூலம். அவருடைய பெயரை வைத்தால் சிக்கல் வருமோ என்ற தயக்கத்தில் பெயரை மாற்றியிருந்தார்கள். சோதனைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியதில் வந்த அறிக்கை, வெள்ளோட்டம் பலவீனம் என்றே சொன்னது. சேனலில் நகைச்சுவைத் தொடர்களைக் கவனிக்கும் பிரிவு கைகழுவிவிட்டது. சிறப்பு நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த ரிக் லட்வின் என்ற அதிகாரி தன் பட்ஜெட்டிலிருந்து பணத்தைத் திருப்பி, நான்கே நான்கு எபிசோடுகளுக்கு வழிசெய்தார். அவற்றில்தான் ஜூலியா லூயி-டிரைஃபஸ் எலெய்னாக வந்து சேர்ந்தார். கிளேர் போன இடம் தெரியவில்லை. கெஸ்லர் கிரேமர் ஆனார். பெயரிலிருந்து குரோனிக்கிள்ஸ் உதிர்ந்தது. யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது எட்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் போட்ட ஒட்டு. 1997இல் கதையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும் ஓர் எபிசோட் வந்தது. அதில் நாயகன் ஜெர்ரி அந்த வீட்டுக்குக் குடிவந்த பழைய நாள் காட்டப்படும். எதிர் வீட்டுக்காரரை அவர் கெஸ்லர் என்று கூப்பிடுவார். இல்லை, கிரேமர் என்று அவர் திருத்துவார். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் தவறாக எழுதியிருந்ததாம். முடிந்தது கதை. தையல்காரர் கிழிசலின் மேலேயே பூ வேலை செய்து கொடுத்த மாதிரி.

அண்ணன் இந்த உதாரணத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989ஐயும் இன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த ஜூலையில் வெள்ளோட்டத்தைப் பார்க்கத் தவறியவர், அடுத்த ஆண்டு வந்த எபிசோடை எந்தப் பழைய பாரமும் இல்லாமல் பார்த்திருப்பார். முதல் எபிசோட் காற்றில் போனது போனதுதான். இன்றைக்குப் புதிதாக ஒருவர் தொடரைக் கேள்விப்பட்டால் வந்து தட்டுவது முதல் எபிசோடின் கதவைத்தான். நாங்கள் பதினைந்தாவது எபிசோடை எவ்வளவு நன்றாக எடுத்தாலும், எங்கள் வாசலில் காலாகாலத்துக்கும் நின்றுகொண்டிருக்கப் போவது அந்தப் பாட்டி உச்சுக் கொட்டிய இருபத்து நான்கு நிமிடங்கள்தான். அதுவுமில்லாமல், சைன்ஃபெல்ட் குழுவினருக்கு அது ஏற்கெனவே ஒளிபரப்பாகிவிட்ட பண்டம். எங்களுடையது இன்னும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பார்த்தவர்கள் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் உறவினர்.

ஆனால் இந்த வழியிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். குறை வேறு, இல்லாமை வேறு. எலெய்ன் இல்லாதது சைன்ஃபெல்ட் வெள்ளோட்டத்தின் இல்லாமை. 'ஐ லவ் லூசி' தொடருக்காக 1951 மார்ச்சில் எடுத்த வெள்ளோட்டத்தில், பிறகு அந்தத் தொடரின் இரண்டு தூண்களாகிவிட்ட பக்கத்து வீட்டு ஃபிரெட், எத்தல் தம்பதி இல்லை. அக்டோபரில் தொடர் தொடங்கியபோது வந்து சேர்ந்தார்கள். இல்லாததைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்கும் அப்படி ஓர் இல்லாமை உண்டு: பெட்ரோல் மச்சானுக்கு இரண்டு நிமிடம் போதாது. அதை எந்த எபிசோடிலும் சரிசெய்யலாம். மருமகள் பேச்சு குறை. அதை வைத்துக்கொண்டு நகர முடியாது.

ஆளா, எழுத்தா?

இங்கேதான் எங்கள் குழு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. எனவே இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன்.

ஆளை மாற்று என்கிறவர்களின் வலுவான சாட்சி 'தி பிக் பேங் தியரி'. 2006இல் அதற்கு எடுத்த முதல் வெள்ளோட்டத்தில் பென்னி கிடையாது. கேட்டி என்ற பெண். நடித்தவர் அமாண்டா வால்ஷ். வாழ்க்கையில் அடிபட்டு, நாக்கில் முள் வளர்த்துக்கொண்ட பாத்திரம். லெனர்ட், ஷெல்டன் இருவரையும் அவள் ஏளனமாக நடத்தியதைச் சோதனைப் பார்வையாளர்களால் பொறுக்க முடியவில்லை. உலகம் தெரியாத அந்த இரண்டு மேதைகளையும் அவர்கள் குழந்தைகளாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். குழந்தைகளைப் போய்த் திட்டுகிறாளே என்று கோபம் வந்துவிட்டது. சி.பி.எஸ். அந்த வெள்ளோட்டத்தை ஏற்கவில்லை, ஆனால் இன்னொன்று எடுத்துவரச் சொன்னது. தொடரை உருவாக்கிய சக் லோரியும் பில் பிராடியும் கேட்டியை நீக்கிவிட்டுப் பென்னியைக் கொண்டுவந்தார்கள். கேலி குவோகோ நடித்தார். கில்டா என்ற விஞ்ஞானித் தோழியும் போனாள். ஹோவர்டும் ராஜும் வந்தார்கள். 2007 செப்டம்பர் 24 அன்று ஒளிபரப்பானது இந்த இரண்டாவது வெள்ளோட்டம்தான். அங்கிருந்து 12 சீசன், 279 எபிசோட்.

எங்கள் மாடியில் நடந்ததும் இதுதான் என்பதை மறுக்க மாட்டேன். தாத்தாவை மருமகள் கடிந்துகொண்டபோது நாற்பது பேரும் தாத்தா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வயதானவரை இப்படிப் பேசினால் எங்கிருந்து சிரிப்பு வரும் என்று ஓர் அம்மாள் கேட்டே விட்டார்.

ஆனால் கேட்டி பென்னியானபோது மாறியது நடிகையின் முகம் மட்டும்தானா? பாத்திரமே வேறு. பென்னி அந்த இருவரையும் பார்த்துச் சிரித்தாலும் அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். கேட்டியின் வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேலி குவோகோவை மட்டும் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆளும் எழுத்தும் சேர்ந்து மாறிய ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு, ஆளால்தான் குறை என்று சொல்வது, சமையல்காரரையும் அரிசியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுச் சோறு குழைந்ததற்கு யார் காரணம் என்று கேட்பது போல.

எழுத்து மாறாமல் ஆள் மட்டும் மாறிய கதை வேறொன்று இருக்கிறது. நார்மன் லியர் என்ற தயாரிப்பாளர் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடருக்கு மூன்று முறை வெள்ளோட்டம் எடுத்தார். 1968, 1969 இரண்டும் ஏ.பி.சி.க்கு, இரண்டும் தேறவில்லை. மூன்றாவது சி.பி.எஸ்.ஸில் 1971 ஜனவரி 12 அன்று வந்தது. கதை வசனம் ஏறக்குறைய ஒன்றேதான். வாய்த்துடுக்குக்கார அப்பாவாகக் கேரல் ஓ'கானரும் அம்மாவாக ஜீன் ஸ்டேபிள்டனும் மூன்றிலும் இருந்தார்கள். மகளும் மருமகனும் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. மூன்றாவது இணை வந்தபோதுதான் அப்பாவுக்கும் மருமகனுக்கும் இடையிலான சண்டை ஈடுகொடுக்கும் சண்டையானது. சரியான ஆளுக்காக மூன்று ஆண்டு காத்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி. லியருக்குக் காத்திருக்க முடிந்தது. எங்கள் தாத்தாவுக்கு எழுபத்தாறு வயது.

ஆள் மாறாமல் எழுத்து மட்டும் மாறியதற்கு 'தி ஆபீஸ்'. பிரிட்டனில் 2001இல் வந்த தொடரை அமெரிக்காவில் கிரெக் டேனியல்ஸ் மறுபடி எடுத்தார். 2005 மார்ச் 24 அன்று வந்த வெள்ளோட்டம் பிரிட்டிஷ் வசனத்தின் கிட்டத்தட்ட அச்சுப் பிரதி. ஸ்டீவ் கரல் நடித்த மேலாளர் அதில் கொடூரமாகத் தெரிந்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, வேலையை விட்டு நீக்கிவிட்டேன் என்று வரவேற்பாளரை அழவைப்பார். அந்தக் கசப்பு பிரிட்டிஷ் தொடருக்குப் பொருந்தியது. அங்கே அது பன்னிரண்டு எபிசோடும் ஒரு சிறப்பு நிகழ்ச்சியுமாக முடிந்துபோகிற விஷயம். வாரா வாரம் வீட்டுக்கு வந்து உட்காரப் போகிறவர் அப்படி இருக்க முடியாது. ஆறு எபிசோடோடு முதல் சீசன் முடிந்தது. இரண்டாவது சீசனில் அதே நடிகர், அதே நாற்காலி. ஆனால் உள்ளுக்குள் அன்புக்கு ஏங்குகிற, விற்பனையில் நிஜமாகவே கெட்டிக்காரரான ஒரு மனிதராக அவரை எழுதினார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடிகூடப் போய், சற்று அடர்ந்த முடி வந்தது. (முடி விஷயத்தில் நாங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம்.)

இவற்றை வைத்துக்கொண்டு எங்கள் வசனப் பிரதியை எடுத்து உட்கார்ந்தேன். மருமகள் தாத்தாவைக் கடிந்து பேசும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். பதினான்கு. அதற்குத் தாத்தா பதிலடி கொடுக்கும் இடங்களை எண்ணினேன். இரண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர், பன்னிரண்டு முறை வாயை மூடிக்கொண்டு முற்றத்தைப் பார்க்கிறார். அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததை எழுதியபடியே, நன்றாகவே பேசியிருக்கிறாள். நன்றாகப் பேசியதால்தான் இவ்வளவு உறைத்திருக்கிறது. ஊரில் எந்த வீட்டிலும் மாமனார் மருமகள் சண்டை இல்லாமல் இல்லை, அதைப் பார்த்து யாரும் சிரிக்காமலும் இல்லை. ஆனால் இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை. வசனத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்: அவளை மாற்றுவது எங்கள் தவறுக்கு அவளைத் தண்டிப்பதாகும்.

சீக்கிரம் கடந்துவிட வேண்டியவை

ஆளை மாற்றுகிற வழியில், நம் ஊர் சீரியல்களின் பழைய உத்தி ஒன்றையும் சிலர் சொல்கிறார்கள். திரையில் ஓர் அறிவிப்பைப் போட்டு, "இவருக்குப் பதில் இவர்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது. தினசரி ஓடும் குடும்பத் தொடருக்கு அது நியாயம். நாளை இரவு எபிசோட் போயாக வேண்டுமே. பார்க்கிறவர்களும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள். நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பாகத்தில் புதிதாகத் தேவதர்ஷினி மனைவியாக வந்தபோது வீட்டில் யாரும் சண்டைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது பாகம் முடிந்து பாகம். இரண்டாவது எபிசோடிலேயே அந்த அறிவிப்பைப் போட்டால் அதுவே எங்கள் தொடரின் சிறந்த நகைச்சுவையாகிவிடும்.

குரலை மட்டும் மாற்றும் யோசனை எடிட்டருடையது. படம் அப்படியே இருக்கட்டும், டப்பிங்கில் மருமகளின் வசனத்தை இளக்கிவிடலாம் என்கிறார். ஐயாயிரம் ரூபாயில் முடியும். முதுகு காட்டும் இடங்களில் எந்த வசனத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்பது தமிழ் சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை. இரண்டு காட்சியில் செய்து பார்த்தோம். குரல் கொஞ்சியது, கண் முறைத்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

பேட்ச் ஒர்க், அதாவது குறையுள்ள இடங்களை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டுவது, சாதாரண நாளில் நல்ல வழி. ஒரு நாள் படப்பிடிப்பு, பன்னிரண்டாயிரத்தில் முடித்துவிடலாம். சுவரின் நிறம் மாறியது எனக்குப் பொருட்டே இல்லை. 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் ஆரம்ப எபிசோடுகளில் மோனிகாவின் வீட்டுக் கதவு எண் 5, எதிர் வீடு 4. வீடு மேல்மாடியில் அல்லவா இருக்கிறது என்று பிறகு உறைத்ததும் 20, 19 என்று மாற்றிவிட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. ஆனால் தலை, கதவு எண் மாதிரி இல்லை. ஒரு ஷாட்டில் பாகவதர், அடுத்த ஷாட்டில் மொட்டை, அதற்கடுத்ததில் மறுபடி பாகவதர். தாத்தாவுக்கு முண்டாசு கட்டிவிடலாம் என்றார்கள். மே மாதக் கத்திரி வெயிலில், வீட்டுக்குள், பாதிக் காட்சியில் மட்டும் ஒரு மனிதர் ஏன் முண்டாசு கட்டிக்கொண்டு திரிகிறார்?

இயக்குநர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதும் பத்தி

மகன் வேடத்தில் நடித்தவர் எங்கள் இயக்குநர். அந்த வேடத்தைத் தனக்காகவே எழுதிக்கொண்டார். 1959இல் கார்ல் ரெய்னர் என்ற பெரிய எழுத்தாளரும் இப்படித்தான் தன் வாழ்க்கையையே வைத்து 'ஹெட் ஆஃப் தி ஃபேமிலி' என்று ஒரு வெள்ளோட்டம் எழுதி, தானே நாயகனாக நடித்தார். விலைபோகவில்லை. ஷெல்டன் லெனர்ட் என்ற தயாரிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, எழுத்தில் பழுதில்லை, உன் வேடத்துக்கு நீ பொருத்தமில்லை என்ற பொருளில் நாசூக்காகச் சொன்னார். ரெய்னர் விலகி நின்றார். 1961 அக்டோபரில் அதே கதை 'தி டிக் வான் டைக் ஷோ'வாக வந்து நின்று விளையாடியது. ரெய்னர் தொடர்ந்து எழுதினார், இடையிடையே ஆலன் பிரேடி என்ற தலைக்கனம் பிடித்த முதலாளியாக வந்து கலக்கவும் செய்தார். சிறு வேடம், பெரிய பெயர். வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் கொண்டுவரும் வேடம் ஒன்று எங்கள் கதையில் காலியாக இருக்கிறது. இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத எனக்கு உடம்பில் தெம்பில்லை.

காசும் கடற்கரையும்

மிச்சம் இருப்பது முதலிலிருந்து எடுப்பது. காசில்லை என்பதுதான் இதற்கு எதிரான ஒரே வாதம், அது சின்ன வாதமும் இல்லை. மூன்று நாள் படப்பிடிப்புக்கு எங்களுக்கு ஆனது அறுபத்திரண்டாயிரம். பெட்டியில் மிச்சம் நாற்பத்தோராயிரம். அதில்தான் இன்னும் நான்கு எபிசோட் எடுத்தாக வேண்டும்.

ஆனால் அறுபத்திரண்டில் பத்தொன்பது எங்கே போனது? கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் எடுத்த நான்கு நிமிடக் காட்சிக்கு. அனுமதி, வாடகைக் கேமரா, ஆறு பேருக்கு வண்டி, டிபன். பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நின்று, ஜூலை 14 அணிவகுப்பில் தான் நடந்த நடையைத் தாத்தா திருப்பாதிரிப்புலியூர்ப் பையனுக்கு நடந்து காட்டுவார். பின்னால் சூரியன் எழும். பார்க்க அற்புதமாக இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், அது சிரிக்கிற காட்சியும் இல்லை.

பிபிசியின் 'பிளாக்ஆடர்' தொடருக்கு 1982இல் ஒரு வெள்ளோட்டம் எடுத்தார்கள். அது அப்போது ஒளிபரப்பாகவில்லை. 1983இல் வந்த முதல் தொடரைக் கோட்டை, குதிரை, பனி என்று வெளியே போய் ஆடம்பரமாக எடுத்தார்கள். சிரிப்புக்கும் செலவுக்கும் பொருத்தமில்லை என்று பிபிசிக்குத் தோன்றிவிட்டது. செலவைக் குறைத்தால்தான் அடுத்தது என்றார்கள். 1986இல் இரண்டாவது தொடர் ஸ்டுடியோவுக்குள், நாலைந்து அரங்குகளுக்குள் சுருங்கியது. ரோவன் அட்கின்சன் எழுதுவதை விட்டுவிட்டு நடிப்பதோடு நிறுத்திக்கொள்ள, ரிச்சர்ட் கர்ட்டிஸோடு பென் எல்டன் எழுத வந்தார். முதல் தொடரில் அசடாக இருந்த எஜமானர் புத்திசாலியானார். அவரைவிடச் சூட்டிகையாக இருந்த வேலைக்காரன் பால்ட்ரிக் வடிகட்டிய முட்டாளானான். வெளியே ஓடக் காசில்லாததால் இருவரும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பேசப் பேசத்தான் அந்தத் தொடர் தொடரானது.

எங்களுக்கும் ஒரு முற்றம், ஒரு தாழ்வாரம், ஒரு அடுப்படி இருக்கிறது. வெளியே போகாமல் இரண்டு நாளில் எடுத்தால் இருபதாயிரத்துக்குள் அடங்கும். நான்கில் ஒரு எபிசோட் குறையும். அதுவும் எழுத்தில் இன்னும் தேறாத எபிசோட்தான், போகட்டும்.

ஆகவே குழுவுக்கு என் பரிந்துரை. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை முழுக்கப் புதிதாக எடுப்போம். சுவர் நீலமாகவே இருக்கட்டும். தாத்தா மொட்டையாகவே இருக்கட்டும்; முதல் காட்சியே அவர் திருப்பதியிலிருந்து வந்து இறங்குவதாக இருக்கட்டும். லட்டை யாருக்கு எவ்வளவு பிட்டுக் கொடுத்தார் என்பதில் மருமகளோடு சண்டை தொடங்கட்டும். அவள் பத்து சொன்னால் அவர் ஒன்பது திருப்பிச் சொல்லட்டும். அதே பெண்தான் நடிக்க வேண்டும். சனி, ஞாயிறு நமக்குப் போதும். பெட்ரோல் மச்சானுக்கு ஆறு நிமிடம்.

கடற்கரைக் காட்சியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடருக்கு 1963இல் ஹவாயில் எடுத்த வெள்ளோட்டத்தில் மூன்று பாத்திரங்களுக்குப் பிறகு ஆள் மாறிவிட்டது, அதனால் அதை அப்படியே ஒளிபரப்ப முடியவில்லை. பின்னர் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடில், கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய நாளைப் பாத்திரங்கள் நினைத்துப் பார்ப்பதாக வைத்து அந்தப் படச்சுருளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கடற்கரைச் சாலையில் மஞ்சள் சுவரும் இல்லை, மருமகளும் இல்லை. தாத்தாவும் பையனும் மட்டும். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே தாத்தா போன கோடையை நினைத்தால், பாகவதர் கிராப் காற்றில் பறக்க அவர் அணிவகுத்து நடக்கலாம். பத்தொன்பதாயிரமும் பிழைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கார அம்மாவிடம் பேசியாகிவிட்டது. ஜனவரி கடைசிச் சனி, ஞாயிறு கொடுத்திருக்கிறார். நீலச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. தாத்தாவிடம், அதுவரை முடி வளராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, வாரம் ஒருமுறை சவரம் செய்துகொள்கிறேன், பிளேடு செலவு கம்பெனியுடையது என்றார். பரிந்துரையின் பிரதியை நேற்று எல்லோருக்கும் அனுப்பினேன். இரவு பத்தரை மணிக்கு இயக்குநர் போன் செய்தார். எடுத்தவுடனே, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு எத்தனை வசனம் என்று கேட்டார். மூன்று என்றேன். ஐந்து கேட்கிறார்.